பருத்திப் பூவைப் பிரித்துப் பார்த்தால்

பூவின் பாகங்களைப் படிக்கப் பாடப்புத்தகங்கள் செம்பருத்தியைக் காட்டும். சோழபுரம், ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே குடும்பத்துப் பருத்தியே போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

விரியாத மொக்கைச் சப்பை என்பார்கள் விவசாயிகள். விளிம்பு கிழிந்த மூன்று பச்சைச் செதில்கள் அதை மூடியிருக்கும். உள்ளே சிறு கிண்ணம்போல் புல்லிவட்டம், அதற்குள் ஐந்து இதழ்கள். இதழ்களை விலக்கினால்தான் விஷயம் தெரியும். மகரந்தத்தாள்கள் அடியில் ஒட்டி ஒரே குழாயாகிவிட்டன. அந்தக் குழாயின் நடுவே ஏறிவரும் சூல்தண்டு, சூல்முடியை மேலே நீட்டுகிறது. ஆண் பாகம் பெண் பாகத்தை இப்படிச் சுற்றி நிற்பதால் பூவின் சொந்த மகரந்தமே பெரும்பாலும் அதில் சேர்கிறது. தூள் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. வேற்றுச் செடியின் மகரந்தம் வரவேண்டுமானால் தேனீ வரவேண்டும், அல்லது மனிதக் கை வரவேண்டும்.

வீரிய ஒட்டு விதை அந்தக் கையால் பிறப்பது. மறுநாள் விரியப்போகும் மொக்கில், முதல் நாள் பிற்பகலே கட்டைவிரல் நகத்தால் இதழ்களையும் மகரந்தத்தாள் குழாயையும் சேர்த்து உரித்தெடுத்து மூடிவைப்பார்கள். மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவார்கள். சூல்தண்டு கீறினாலும் அந்தப் பூ வீண். 1970இல் சூரத்தில் சி.டி. பட்டேல் தந்த எச்-4, வணிக அளவில் பயிரான உலகின் முதல் வீரிய ஒட்டுப் பருத்தி. ஒவ்வொரு பூவாகச் செய்யும் இந்த வேலைதான் அதைச் சாத்தியமாக்கியது.

பூ விரிந்திருப்பது ஒரே பகல். காலையில் வெளிர்மஞ்சளாக இருப்பது மறுநாள் சிவந்து வாடிவிடும். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி நல்ல மஞ்சளாகப் பூக்கும்.

எனக்கு அதிசயம் சூற்பையில்தான். மூன்று முதல் ஐந்து அறைகள், அறைக்குள் சூல்கள். பூ விரியும் நாளிலேயே சூலின் மேல்தோல் செல்கள் புடைக்கத் தொடங்குகின்றன. கருவுற்றபின் அவை வாரக்கணக்கில் நீள்கின்றன. ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல். சூற்பை காயாகி வெடிக்கும்போது நாம் எடுக்கும் பஞ்சு அதுதான். கருவுறாத சூலில் இழை வளராது; சூல் கருவுற மகரந்தம் கொண்டுவரும் தேனீயும் உதவுகிறது.

ஆகவே விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பூ விரிந்து தேனீ வரும் காலையில் மருந்தடிக்காதீர்கள். அவசியமானால் மாலையில் அடியுங்கள்.