நாய்க்கு ஒரு ஊசி, வீட்டுக்கே காவல்!

கும்மிடிப்பூண்டி,–

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலை வாசலுக்குப் போனால் காவலாளி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் ஒரு நாய் படுத்திருக்கும்!

கேன்டீன் மிச்சம்தான் அதற்குச் சாப்பாடு. "யார் நாய்ங்க?" என்று கேட்டால், "எல்லாருக்கும் சொந்தம் சார்" என்பார்கள். "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டால்தான் பதில் வராது!

திருவள்ளூர் பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். பாலும் சோறும் தவறாமல் கிடைக்கும். தடுப்பு ஊசி மட்டும் தள்ளிக்கொண்டே போகும்.

"நம்ம நாய்தானே!"

"நம்ம வீட்டு நாய்தானே, லேசா பல் பட்டுச்சு. என்ன ஆகப் போவுது?" இந்தப் பேச்சுதான் ஆபத்து!

வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்தால் மட்டும் அல்ல. நகக் கீறலிலும், புண்ணை நக்கினாலும் உள்ளே போகும். பூனையாலும் வரும். நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் வரை எந்த அறிகுறியும் தெரியாது.

தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் கடிபட்ட உடனே ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உயிர் ஊசலாடுகிறது!

14 ஊசி பயம்

பெரியவர்களுக்கு இன்னும் பழைய பயம் போகவில்லை. "தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களே!" என்று சுண்ணாம்பையும் மிளகாய்ப் பொடியையும் அப்புகிறவர்கள் உண்டு.

அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பதை இந்தியா 2004-ம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. இப்போது ஊசி கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று 4 தடவை போனால் போதும். ஆழமான காயம் என்றால் காயத்தைச் சுற்றித் தனி மருந்தும் போடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் சோப்புப் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் வெறிநோய் ஊசி போட்டது 1885 ஜூலை 6-ல். நம்ம ஊரில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் வந்தது. அதற்கு முன் நாய் கடித்தவர்கள் ரயிலேறி இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது! இன்று பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போக நமக்கு என்ன தயக்கம்?

குட்டி சாவது ஏன்?

ஆசையாகத் தூக்கி வந்த குட்டி திடீரென்று சோர்ந்து விடும். வாந்தி எடுக்கும். ரத்தமாகப் பேதி போகும். சில நாளில் செத்துவிடும். "கண்ணு பட்டுடுச்சு" என்பார்கள். கண் அல்ல, பார்வோ கிருமி!

1978 வாக்கில் உலகத்தையே கலக்கிய நோய் இது. 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலும் தலைகாட்டியது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு குட்டி செத்த இடத்தில் உடனே இன்னொரு குட்டியை விடக் கூடாது. அந்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுக் கழுவ வேண்டும்.

6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்று என்று 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில். அப்புறம் வருடா வருடம்.

குடற்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். அதனால் 2 வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தேவை. இல்லாவிட்டால் குட்டியோடு மண்ணில் விளையாடும் நம் பிள்ளைகளுக்கும் புழு ஒட்டும். கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள், நாடாப்புழு வரும். வேகவைத்துப் போடுங்கள்.

உண்ணி உஷார்!

உண்ணி நாயின் ரத்தத்தைக் குடிப்பதோடு நிற்காது. காய்ச்சலையும் கொடுத்துவிட்டுப் போகும். நாய் சாப்பிடாது, ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும்.

பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டினால் போதாது. அது படுக்கும் மூலையையும் சாக்கையும் கவனியுங்கள். காது மடலையும் விரல் இடுக்கையும் தினம் பாருங்கள். கையால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், நாயின் தோல் வெந்துவிடும்!

பூனைக்கு விஷம்

மளிகைக் கடைக்காரர்கள் கவனிக்க! நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவ வேண்டாம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை துடித்துச் சாகும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தாலும் அதே கதிதான்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் புரளும் நாய்க்கு அது வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரலாம். நாய்க்கு இதற்கும் தடுப்பு ஊசி இருக்கிறது. ஐப்பசி பிறக்குமுன் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

கணக்குப் பாருங்கள்

நாய்க்கு வெறிநோய் ஊசி வருடத்துக்கு ஒன்று. அரை நாள் லீவு போதும். நாய் கடித்தால் நமக்கு 4 தடவை அலைச்சல், தினக்கூலிக்காரருக்கு 4 நாள் சம்பளம் போச்சு. ஊசி போடாமல் விட்டால் வீட்டில் ஒரு உயிரே போச்சு!

தொழிற்சாலை வாசல் நாய்க்கும் யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். ஷிப்டுக்குப் பத்து ரூபாய் சேர்த்தால் நாய் பிடிக்க ஆளும் ஆட்டோவும் கிடைக்காதா? எல்லாருக்கும் சொந்தமான நாய்க்கு ஊசி போடுவதும் எல்லாருடைய வேலைதானே!