கூடையில் எது நூலகத்துக்கு?

கதைப் புத்தகம், உலக உருண்டை, தினசரி காலண்டர், காலித் தீப்பெட்டி, முறுக்குப் பொட்டலம், சரவெடியின் படம். இவற்றை ஒரு கூடையில் போட்டு ஐந்து வயதுப் பிள்ளைகள் நடுவே வையுங்கள். "இதில் எதெல்லாம் நூலகத்தில் இருக்கலாம்?" என்று கேளுங்கள். நூலகத்தை அறிமுகப்படுத்த நல்ல விளையாட்டு இது.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கடினம். "காகிதமென்றால் நூலகத்துக்கு" என்று சொல்லிவிட முடியாது. இங்கே வெடிக்குழாயும் காகிதம்தான். அதனால் வேறு கேள்வி வேண்டும்: ஒருவர் பயன்படுத்திய பிறகு அடுத்தவருக்கு மிஞ்சுமா?

முறுக்கு மிஞ்சாது. சரவெடி ஒரே முறைதான். காலண்டர் கிழிக்கக் கிழிக்கத் தீரும். கதைப் புத்தகமோ ஐம்பது பேர் படித்தாலும் கதை குறையாது. உலக உருண்டையும் அப்படித்தான். தீப்பெட்டியில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். குச்சி தீர்ந்துபோகும், மேலே ஒட்டிய படம் தீராது. 1920களில் தீப்பெட்டித் தொழில் சிவகாசிக்கு வந்தது. அதன் லேபிள் தேவையே இங்கே அச்சுத் தொழில் வளர வழிவகுத்தது. அந்தப் படங்களைச் சேர்த்து ஆல்பமாக ஒட்டினால் அது ஊர் வரலாறு. தாராளமாக நூலகத்தில் வைக்கலாம்.

அடுத்த கேள்வி: நாளை தேடினால் கிடைக்குமா? புத்தகத்தின் முதுகில் ஒட்டிய சிறு சீட்டைக் காட்டுங்கள். அது புத்தகத்தின் கதவு எண். மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் விலங்குகளுக்கு 590. வெடிபொருள் தொழில்நுட்பத்துக்கு 662. பட்டாசுக்கு நூலகத்தில் இடமில்லை, பட்டாசைப் பற்றிய நூலுக்கு உண்டு!

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். இரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். லண்டன் கடையொன்றில் அவர் பார்த்த மெக்கானோ பொம்மைதான் அதற்குப் பொறி. சில துண்டுகளை மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம் வருவதுபோல, சில குறிகளை இணைத்தே எந்தத் தலைப்புக்கும் எண் தரலாம் என்று கண்டார்.

வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். கிளை நூலகம் நம் பிள்ளைகளின் சொத்து. விளையாட்டு முடிந்ததும் கைபிடித்து அழைத்துப் போய் உறுப்பினராக்குங்கள். எடுத்த புத்தகத்தைப் பிள்ளையே தன் கையால் திருப்பிக் கொடுக்கட்டும். இன்னொரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கும்.