இராட்டை சொன்ன மறுமைப் பாடம்

 



ஒவ்வொரு தூதரையும் அவரவர் சமுதாயத்தின் மொழியிலேயே அல்லாஹ் அனுப்பினான் என்று திருக்குர்ஆன் (14:4) அறிவிக்கிறது. மக்களுக்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே அதன் காரணம் என்றும் அவ்வசனம் உணர்த்துகிறது. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என்பதை 30:22ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. ஆகவே, தீனுக்கு ஏற்ற மொழி, ஏலாத மொழி என்று பிரித்துப் பார்க்க நமக்கு இடமில்லை. இதை மறந்த சமுதாயம் எதை இழக்கும் என்பதற்குப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் ஒரு படிப்பினையாகும்.

இறைநேசர்கள் பேசிய மொழி

பாக்பத்தனில் அடங்கியுள்ள பாபா ஃபரீத் கஞ்ச்ஷகர் (ரஹ்) அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிஷ்தியா தரீக்காவின் பெரியார். அரபியும் பார்ஸியும் கற்றுத் தேர்ந்த அவர்கள் பெயரால் வழங்கும் பஞ்சாபிப் பாக்கள் சீக்கியர்களின் குரு கிரந்த் சாஹிபிலும் இடம்பெற்றுள்ளன. அவர்களுக்குப் பின் லாகூரில் ஷா ஹுஸைன், ஜங் பகுதியில் சுல்தான் பாஹூ, கஸூரில் புல்லே ஷா (ரஹ்) என்று பலர் அதே மொழியில் மக்களை இறைவன் பக்கம் அழைத்தனர்.

புல்லே ஷா ஸையித் குலத்தவர். அவர்களின் ஷைகு ஷா இனாயத் காதிரி, காய்கறி பயிரிடும் அராயின் குலத்தவர். உயர்குலத்தார் ஒருவர் இவரிடம் பைஅத் செய்வதா என்று உறவினர்கள் குறை கூறியதாகவும், புல்லே ஷா தம் ஷைகை விட்டு விலகவில்லை என்றும் வரலாறு பேசுகிறது. அரபியருக்கு அரபியல்லாதார் மீது எந்தச் சிறப்பும் இல்லை, இறையச்சத்தைக் கொண்டே தவிர என்ற இறுதி ஹஜ்ஜின் போதனை அங்கே வாழ்க்கையாக மலர்ந்தது.

நூலும் மல்லிகையும்

பஞ்சாபின் கிராமப் பெண்கள் கூடி அமர்ந்து இராட்டையில் நூல் நூற்பது வழக்கம். மணமாகிச் செல்லும் முன் தன் சீர்த் துணிகளுக்கு வேண்டிய நூலை ஒரு பெண் தானே நூற்றுச் சேர்க்க வேண்டும். தாய்வீட்டில் விளையாடிப் பொழுதைப் போக்கியவள், பல்லக்கு வந்து நிற்கும் நாளில் வெறுங்கையோடு புறப்படுவாள். ஷா ஹுஸைனும் புல்லே ஷாவும் இக்காட்சியைத் தம் பாடல்களில் எடுத்தாண்டனர். தாய்வீடு இவ்வுலகம்; புகுந்த வீடு மறுமை; பல்லக்கு மவுத்து; நூல் நம் அமல். எழுத்தறியாத பெண்ணுக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அவள் கையிலிருந்த இராட்டையே அவளுக்குக் கிதாபாயிற்று.

சுல்தான் பாஹூ (ரஹ்) காட்டிய உவமை மல்லிகைச் செடி. முர்ஷிது, அல்லாஹ்வின் திருநாமத்தை முரீதின் உள்ளத்தில் மல்லிகையாக நடுகிறார். அதற்கு ஊற்றும் நீர் நஃபீ, இஸ்பாத். அதாவது, ‘லா இலாஹ’ என்று பிற அனைத்தையும் மறுப்பது. ‘இல்லல்லாஹ்’ என்று அவனை மட்டும் உறுதிப்படுத்துவது. கலிமாவின் பொருளை ஒரு பூச்செடியைக் கொண்டு புரிய வைத்தார்கள்.

பாட்டு மட்டுமே அவர்களின் வழியாக இருக்கவில்லை. தொழுகை, ஈமான் பற்றிய அடிப்படைகளைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் ‘பக்கீ ரோட்டி’ என்ற பஞ்சாபி நூல் பிள்ளைகளுக்குப் பாடமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஹாஃபிஸ் முஹம்மது லக்வீ அவர்கள் பஞ்சாபிச் செய்யுளில் ஒரு தஃப்ஸீரையே எழுதினார்கள்.

மொழிக்கு நேர்ந்த சிறுமை

1849இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றிய பின் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் உருது வந்தது. பாகிஸ்தான் உருவான பிறகும் அதுவே நீடித்தது. 2023ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் பஞ்சாபியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 37 சதவீதம். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 9 சதவீதம். அப்படியிருந்தும், பஞ்சாப் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் பஞ்சாபியில் தாராளமாகப் பேச 2024இல்தான் விதிகள் திருத்தப்பட்டன. படித்த குடும்பங்களில் பெற்றோர் தமக்குள் பஞ்சாபியிலும் பிள்ளைகளிடம் உருதுவிலும் பேசுகின்றனர். உருது மார்க்கத்தின் மொழி, நாகரிகத்தின் மொழி. பஞ்சாபி பட்டிக்காட்டு மொழி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

திரைப்படமும் இவ்வெண்ணத்திற்கு உரமிட்டது. 1979இல் ‘மௌலா ஜட்’ வெளியான பின், நீண்ட பிடியுள்ள வெட்டுக்கத்தியோடு முழங்கும் நாயகனே பஞ்சாபிப் படத்தின் அடையாளமானான். 2022இல் பெரும் பொருட்செலவில் அதே கதை மீண்டும் வந்து வசூலைக் குவித்தது. பழிவாங்கவும் கேலி பேசவுமே இம்மொழி என்று பிள்ளைகள் எண்ணினால் வியப்பென்ன?

மற்றொரு புறம், இறைநேசர்களின் வரிகள் இசை மேடை ஏறின. நுஸ்ரத் ஃபதஹ் அலீ கான் (1948-1997) பஞ்சாபிக் கவ்வாலியை உலகெங்கும் கொண்டு சென்றார். 2008இல் ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கிய ‘கோக் ஸ்டுடியோ’ நிகழ்ச்சியில், 2010இல் அந்த மல்லிகை உவமையும் ‘ஜுக்னி’ என்னும் நாட்டுப்புறப் பாடலோடு இணைத்துப் பாடப்பட்டது. எண்ணற்றோர் அதைக் கேட்டனர். திருமணங்களில் அதற்கு ஆடவும் செய்கின்றனர்.

இசை பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே பேச நாம் முற்படவில்லை. நம் கவலை வேறு. மல்லிகைக்கு ஊற்றும் நீர் எது என்று ஆடுபவர்களில் எத்தனை பேர் அறிவர்? வீட்டில் மொழியைக் கைவிட்ட தலைமுறைக்கு மெட்டு மட்டுமே எஞ்சுகிறது. மவுத்தை நினைவூட்டிய பாடல் மணமேடையின் களியாட்டமாகிவிடுகிறது. பாடகரைப் பழிப்பது எளிது. பாட்டோடு கூடவே வாழ்ந்த ‘பக்கீ ரோட்டி’யையும் தஃப்ஸீரையும் பிள்ளைகளின் கையிலிருந்து விலக்கியவர் யார் என்று கேட்பதே நேர்மையாகும்.

நமக்குள்ள பாடம்

சகோதரர்களே! தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும், நம் பாட்டிமார் ஓதிவந்த அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் இன்று வாசிக்கத் தெரிந்தவர் நம் வீட்டில் யார்? அரபியை ஓதக் கற்றுக்கொடுங்கள். அது நம் வேதத்தின் மொழி. அதன் பொருளைப் பிள்ளை எந்த மொழியில் சிந்திக்கிறதோ, அந்த மொழியில் சொல்லிக்கொடுங்கள். உள்ளத்தில் நட்ட செடிக்கு அன்றாடம் நீர் ஊற்றுவது வீட்டாரின் கடமை. அதை எந்த மேடையும் செய்து தராது.

பல்லக்கு வாசலுக்கு வரும் முன்பே நூலை நூற்று முடிக்கும் நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.