வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள்: நாளிதழ் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு ஏன்?

பாலக்காடு சட்டப்பேரவைத் தொகுதி இடைத்தேர்தல் 2024 நவம்பர் 20-ஆம் தேதி நடைபெற்றது. அதற்கு முந்தைய நாள், பாஜகவிலிருந்து விலகி காங்கிரஸில் இணைந்த சந்தீப் வாரியரை விமர்சித்து இடதுசாரி ஜனநாயக முன்னணி அளித்த விளம்பரம் இரு மலையாள நாளிதழ்களில் வெளியாகி சர்ச்சையை ஏற்படுத்தியது.

தேர்தல் ஆணைய விதிகளின்படி, வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் நாளிதழ்களில் அரசியல் விளம்பரம் வெளியிட, ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன்அனுமதி தேவை. கடைசி நேரக் குற்றச்சாட்டுக்குச் சம்பந்தப்பட்டவர் விளக்கமளிக்க அவகாசம் இருக்காது என்பதே காரணம்.

வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளுக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை விதிக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகம் ஏப்ரல் 19-ஆம் தேதியும், கேரளம் 26-ஆம் தேதியும் வாக்களித்தன. தமிழகக் கணிப்பு உடனே வெளியாகியிருந்தால், வாளையாறு, குமுளி எல்லைப் பகுதிகளில் தமிழ்ச் செய்திகளை வாசிக்கும் கேரள வாக்காளர்களையும் அது எட்டியிருக்கும். எனவே, இறுதிக்கட்ட வாக்குப்பதிவு முடியும் வரை தடை நீடித்தது.

ஆனால், செய்திகளுக்கு இத்தகைய முன்அனுமதி தேவையில்லை. தகவலைச் சரிபார்த்து, மறுதரப்பின் விளக்கத்தையும் பெற்று வெளியிடும் பொறுப்பு ஆசிரியரையே சாரும்.