வயல் மண்ணின் உயிர்களும் வைக்கோலும்

அறுவடை முடிந்ததும் வைக்கோலைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் நம் கமக்காரர் பலரிடம் உண்டு. வைக்கோலை உழுது புதைத்த வயலில் இளம்பயிர் மஞ்சளாயிற்று என்பதே அவர்களுட் சிலர் கூறும் காரணம். அவர்கள் கண்டது உண்மையே. ஆயின் குற்றம் வைக்கோலினதன்று. அதனைப் புதைத்த காலத்தினது.

வளமுள்ள மண்ணில் ஒரு தேக்கரண்டி அளவிற் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வாழ்கின்றன. இவையும் மண்புழு முதலியனவுமே வைக்கோலையும் சருகையும் உக்கச்செய்து பயிருணவாக மாற்றுவன. நுண்ணங்கிகள் பெருகுவதற்குக் காபனும் நைதரசனும் ஒருங்கே வேண்டும். வைக்கோலிலோ நைதரசன் ஒரு பங்காயின், காபன் 60 முதல் 80 பங்கு வரையில் உண்டு. எனவே வைக்கோலை உண்ணும் நுண்ணங்கிகள், தமக்குக் குறைபடும் நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அவ்வேளையில் வளரும் இளம்பயிர் உணவின்றி மஞ்சளாகின்றது. வைக்கோல் உக்கியபின் நுண்ணங்கிகளிற் பல மடியும். அவை கவர்ந்த நைதரசனும் பயிருக்கு மீளும்.

1000 கிலோகிராம் காய்ந்த வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும் உள. எரித்தால் நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பலில் எஞ்சும் பொற்றாசியத்தை மழைநீர் எளிதிற் கொண்டுசெல்லும். மண்ணுயிர்களின் உணவாகிய காபனும் அழியும்.

ஆகவே பின்வருமாறு செய்தல் நன்று:

1. அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிச்செல்லும் வைக்கோலை வயலெங்கும் சீராகப் பரப்புதல் வேண்டும்.

2. விதைப்பிற்கு 2 அல்லது 3 கிழமைகளுக்கு முன், மண் ஈரமாயிருக்கும்போது, நீரைத் தேக்காது உழுது புதைத்தல் வேண்டும். நீர் தேங்கிய சேற்றில் வைக்கோல் காற்றின்றி உக்கினால், அதிற் தோன்றும் அமிலங்கள் இளவேர்களைத் தாக்கும்.

3. நைதரசன் மிக்க கிளிசிறிடியா இலையையும் உடன் சேர்த்தால் வைக்கோல் விரைவில் உக்கும்.

4. மரக்கறித் தோட்டத்தில் வைக்கோலைப் பச்சையாகப் புதைத்தலாகாது. மாட்டெருவுடன் சேர்த்துக் கூட்டெருவாக்கி இடலாம். அல்லது பாத்தியின் மேல் மூடாகப் பரப்பலாம்.

மண்ணுயிரை ஒரு போகத்தில் வளர்த்துவிடல் இயலாது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவெம்பரில் அத்தடை நீங்கியது. எனினும் அவ்வாண்டுப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குன்றியதைக் கமக்காரர் மறந்திரார். சேதனப் பசளையின் பயன் போகந்தோறும் சிறிது சிறிதாகவே சேரும். ஆதலின் வழக்கமாக இடும் பசளையைத் திடீரென நிறுத்தாது, மண் வளம்பெறுந்தோறும் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

முதலில் ஒரு வயற்றுண்டில் மட்டும் இம்முறையைக் கையாண்டு, அயல் வயலின் பயிரோடு நிறத்தையும் விளைவையும் ஒப்பிட்டுப் பார்க்க. பயன் கண்டபின் ஏனைய வயல்களிலும் செய்யலாம்.