கார் ஸ்டீரிங் ஏன் நடுங்குகிறது?

நமது பங்கு இல்லத்து வேப்பமரத்தடியில் 1988-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 கார் ஒன்று நிற்கின்றது. நமக்கு முன் இப்பங்கில் பணியாற்றிய குருக்கள் மூவரையும் சுமந்த வண்டி அது. சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றும் ஓடியும் வந்த வண்டிக்கு நோய் நொடி இல்லாமல் இருக்குமா? துருவுக்கும் கதவின் முனகலுக்கும் நாம் பழகிப்போனோம். ஆனால் சென்ற ஆண்டு அதற்கு வந்த ஒரு நடுக்கத்திற்கு மட்டும் நம்மால் பழக இயலவில்லை.

மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீரிங் சக்கரம் மெல்ல நடுங்கத் தொடங்கும். 65-ஐ எட்டும்போது கைகள் மரத்துப்போகும் அளவுக்கு உதறும். 80-ஐத் தாண்டினால் ஓரளவு அடங்கிவிடும். ஆயினும், அந்த வண்டியில் 80-ஐத் தாண்டுவது அறிவுடையோர் செய்யும் செயலன்று என்பதால் அந்த ஆறுதலால் நமக்குப் பயன் ஏதும் விளையவில்லை.

செங்கற்பட்டிலுள்ள ஒரு பட்டறையில் சக்கரங்களுக்கு பேலன்சிங் செய்தனர். பத்து நாள் நிம்மதி கிடைத்தது. பிறகு பழைய நடுக்கமே திரும்பிற்று. அடுத்து அலைன்மெண்ட் செய்து பார்த்தனர். அணுவளவும் மாற்றமில்லை. பின்னர் முன்சக்கரங்கள் இரண்டிற்கும் புதிய டயர்கள் வாங்கிப் போட்டோம். நடுக்கம் ஓரளவு குறைந்தது. இரண்டு வாரம் கழிந்ததும் மீண்டும் தலைதூக்கிற்று. இறுதியாக, ஸ்டீரிங் ரேக்கை முழுவதுமாக மாற்றினாலன்றி இது தீராது என்று தீர்ப்புக் கூறிவிட்டனர். அவர்கள் கேட்ட தொகையைப் பங்குப் பேரவையில் எடுத்துரைத்தபோது சற்று நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எடைக்குப் போட்டுவிடலாம், சாமி" என்றார் பேரவை உறுப்பினர் ஒருவர். அவர் கூறியது நியாயந்தான். ஆனால் நள்ளிரவில் நோயாளி ஒருவரைச் செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்றால், எங்கள் தெருவில் உடனடியாகக் கிடைப்பது அந்த ஒரு வண்டியே.

இந்நிலையில்தான் திருக்கழுக்குன்றத்தில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியில் நம் அருகே ஏறி அமர்ந்து, "ஓட்டுங்க சாமி, பார்க்கலாம்" என்றார். காலியான சாலையில் 65-ஐ எட்டியதும் நடுக்கம் ஆரம்பித்தது.

"நடுக்கம் கையிலே தெரியுதா, உட்கார்ற இடத்திலே தெரியுதா, சாமி?"

"கையில்தான், பாய்."

"அப்போ முன்பக்கம். பிரேக் போட்டால் கூடுதா?"

பிரேக்கை மெல்ல மிதித்துப் பார்த்தோம், கூடவில்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்குமானால், பிரேக் டிரம் வட்டம் கெட்டு முட்டை வடிவம் அடைந்திருக்கிறது என்பது பொருள். அது வேறு நோய். அடுத்து, அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னார். எஞ்சினின் ஓசை தணிந்தது, நடுக்கம் தணியவில்லை. ஆகவே எஞ்சின்மீது பழியில்லை. (இச்சோதனையைச் செய்யும் வாசகர்கள் எக்காரணத்தை முன்னிட்டும் ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட வேண்டாம்.) பின்னச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஐயத்திலிருந்து நீங்கிற்று. அது சக்கரத்தைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் விரைவாகச் சுழல்வதால், அதிலிருந்து எழும் அதிர்வு நுண்ணிய ரீங்காரமாகக் காலடித் தரையில் தெரியுமேயன்றிக் கையில் உதறலாகத் தெரியாது. ஒரு சல்லிக்காசு செலவின்றி, கால் மணி நேரத்தில் பாதி வண்டியை நிரபராதி என்று அவர் விடுவித்துவிட்டார்! செங்கற்பட்டில் ஒருவரும் இக்கேள்விகளைக் கேட்கவில்லை என்பதும், கேட்குமாறு நமக்கும் தோன்றவில்லை என்பதும் அப்போதுதான் நமக்கு உறைத்தது.

குறிப்பிட்டதொரு வேகத்தில் மட்டும் இது தோன்றுவது ஏன் என்பதைச் சிறிது விளக்குவோம். அம்பாசிடரின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகரும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழப் பத்துத் தடவை சுழல்கின்றது. ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 30 கிராம் எடை மிகுதியாக இருப்பதாகக் கொள்வோம். 30 கிராம் என்ன செய்துவிடும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அவ்வேகத்தில் அது சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை இரண்டு கிலோ எடைக்குச் சமம்! இரண்டு கிலோ சுத்தியலால் வினாடிக்குப் பத்து அடி அடிப்பதாக எண்ணிப் பாருங்கள். வேகம் பாதியானால் இவ்விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். ஊருக்குள் 35-இல் செல்லும்போது ஒன்றும் தெரியாதிருப்பது இதனாலேயே.

அப்படியாயின் 80-இல் நடுக்கம் இன்னும் மிகுதியாக வேண்டாமோ? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வரும் தருணம் பார்த்துச் சிறு விரலால் தள்ளினாலும் உயர உயர ஆடும். தருணம் தவறினால் வலிந்து தள்ளினாலும் ஆடாது. முன்சக்கரமும் அதனைச் சார்ந்த இரும்புப் பாகங்களும் ஸ்பிரிங்கிற்கும் டயருக்கும் நடுவே, வினாடிக்கு ஏறத்தாழப் பத்துத் தடவை துள்ளும் இயல்புடையவை. சக்கரத்தின் சுழற்சியும் இந்த இயல்பும் ஒன்றுபடும் வேகத்தில் நடுக்கம் உச்சம் பெறுகின்றது. அதனைக் கடந்ததும் தருணம் தவறி அடங்குகின்றது.

மேனாட்டாரும் ஒரு காலத்தில் இதே தொல்லையால் அவதியுற்றனர். 1920-களில், காற்றழுத்தம் குறைந்த பருத்த பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் வழக்கத்திற்கு வந்தபோது, பல கார்களின் முன்சக்கரங்கள் ஓட்டுநரின் கையை மீறி இடமும் வலமும் ஆடத் தொடங்கின. அதற்கு ஷிம்மி என்று பெயர். ஷிம்மி என்பது அந்நாளில் அமெரிக்காவில் தோளைக் குலுக்கி ஆடிய ஒரு நடனத்தின் பெயரும் ஆகும்! அக்கார்களில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பிணைந்திருந்தன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்ப முயல்வதுபோல் சக்கரங்களும் திரும்ப முயலும். ஆகவே ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குமாறு அமைக்கும் முறை நாடப்பட்டது. 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கக் கார்களுக்கு அம்முறையை வழங்கிற்று. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த நமது அம்பாசிடரும் அவ்வமைப்பை உடையதே. 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்ற நாள்வரை அதன் உருவம் பெரிதும் மாறவில்லை. இத்தனை இருந்தும் நடுக்கம் வருகிறதென்றால், அது வண்டியின் பிறவிக் கோளாறன்று, பின்னர் வந்துசேர்ந்தது.

மீண்டும் பாயிடம் வருவோம். அவர் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார். ஒரு சாக்பீஸ் கேட்டார். அருகிலிருந்த பள்ளிக்கூடத்துச் சிறுவன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். இடப்பக்கச் சக்கரத்தைக் கையால் சுழலவிட்டு, சாக்பீஸை ரிம்மின் விளிம்பருகே அசையாமல் பிடித்தார். வட்டம் செம்மையாக இருந்தால் கோடு முழுச்சுற்றும் விழ வேண்டும், அல்லது எங்குமே விழக்கூடாது. ஆனால் ஒரு சாண் அளவுக்கு மட்டுமே வெள்ளைக்கோடு விழுந்தது. அவ்விடத்தில் ரிம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே வளைந்திருந்தது. எப்போதோ ஒரு பள்ளத்தில் இறங்கியபோது நேர்ந்திருக்க வேண்டும்.

"இதைப் பாருங்க சாமி" என்று ரிம்மின் ஓரத்தில் ஒரு தடத்தைக் காட்டினார். பேலன்சிங் செய்தபோது பொருத்திய ஈயத்துண்டு இருந்த இடம் அது. தடம் இருந்தது, ஈயத்தைக் காணவில்லை! உப்புக்காற்றில் ரிம்மின் விளிம்பு துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. துருவைக் கவ்விய கிளிப் எத்தனை நாள் நிற்கும்? நமக்குக் கிடைத்த பத்து நாள் நிம்மதியின் மர்மம் அவ்வாறு விளங்கிற்று. ஈயம் விழாமல் இருந்திருந்தாலும் வளைந்த ரிம்மை அது முழுதும் குணப்படுத்தியிராது. பேலன்சிங் எந்திரத்தில் சக்கரம் காற்றிலே சுழல்கின்றது. வண்டியின் பாரம் அதன்மேல் இல்லை. எடையில் குறை தீர்ந்தாலும் வட்டத்தில் குறை நீடித்தால், தரையில் ஒவ்வொரு சுற்றிலும் அது வண்டியை அசைக்கவே செய்யும். புதிய டயர்களும் அதே வளைந்த ரிம்மின்மீதுதான் ஏறின. அலைன்மெண்ட் என்பதோ சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. வண்டி ஒரு பக்கமாக இழுப்பதையும் டயர் ஓரம் தேய்வதையும் அது தீர்க்கும். நடுக்கத்தைத் தீர்க்க வல்லதன்று. இரண்டும் ஒன்றென எண்ணிப் பணத்தைச் செலவிடுவோர் நம்முள் பலர்.

இத்துடன் முடிந்தது என்றே நினைத்தோம். பாய் எழவில்லை. சக்கரத்தைக் கடிகாரமாகப் பாவித்து, 12-லும் 6-லும் கைவைத்து அசைத்தார். ஆட்டமில்லை, பேரிங் நலமாக இருந்தது. பிறகு 9-லும் 3-லும் பிடித்து அசைத்தார். "டக், டக்" என்ற ஓசை கேட்டது. ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட்டின் முனையில், கிண்ணம் ஒன்றினுள் பந்து போன்ற உருண்டை அடங்கியிருக்கும். அதனைக் காத்த ரப்பர் உறை கிழிந்து மணல் புகுந்திருந்தது. நட்டு கழலாமல் காக்கும் பின்னோ துருவில் கரைந்தே போயிருந்தது. பாய் இணைப்பைக் கழற்றியபோது, உருண்டை கிண்ணத்தை விட்டு அவர் கையோடு வந்துவிட்டது.

"இது ரோட்டிலே வந்திருந்தா, ஸ்டீரிங் ஒரு பக்கம், வீல் ஒரு பக்கம் சாமி" என்றார். முந்தின ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் ஐவரை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் சென்று திரும்பியிருந்தோம். நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

நோய் ஏன் நீங்காது நின்றது என்பது இப்போது தெளிவு. உலுக்குகின்ற ஒன்று வேண்டும். அதற்கு இடங்கொடுக்கின்ற ஒன்றும் வேண்டும். வளைந்த ரிம் உலுக்கிற்று. தேய்ந்த மூட்டு இடங்கொடுத்தது. அலைன்மெண்ட் செய்தவர் மூட்டை அசைத்துப் பார்த்த பின்பே கருவியைத் தொட்டிருக்க வேண்டும். அவர்மேல் நமக்கு வருத்தமே.

இத்தொழிலைத் தாம் பழகியது வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களில் என்றார் பாய். 1961 முதல் அக்கார் அங்கு உருவானது என்பதும், பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு இங்கு உருவானது என்பதும் நம் பகுதி மக்களே மறந்துவிட்ட செய்திகள். ஹெரால்டின் முன்சக்கர மூட்டுக்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் எண்ணெயே ஊற்ற வேண்டும். கிரீஸ் வைத்து வைத்தே பலர் மூட்டை முறித்துக்கொண்டனர் என்று அவர் கூறினார். மூட்டைக் கவனிக்கும் கண் அவருக்கு அங்கே கிடைத்திருக்கிறது.

ஸ்டெப்னியில் இருந்த நல்ல ரிம்மை முன்னே மாட்டி, இருபுறமும் டை ராட் முனைகளைப் புதிதாக இட்டு, புதிய பின் செருகினார். துருவைச் சுரண்டி வர்ணம் பூசிய பிறகே பேலன்சிங் செய்யவேண்டும் என்று கட்டளையிட்டார். டை ராட்டைக் கழற்றியதால் அதன்பின் அலைன்மெண்டும் அவசியம் என்றார். இம்முறை அது வீண் செலவன்று. மொத்தச் செலவு, ரேக்கை மாற்றக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. பழைய டை ராட் முனையை நாம் கேட்டு வாங்கி வந்தோம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அது கையிலிருந்து கைக்கு மாறி ஒரு சுற்று வந்தது. எடைக்குப் போடும் பேச்சு அத்துடன் நின்றது.

இப்போது 65-இல் ஸ்டீரிங்கை இரு விரல்களால் பிடித்து ஓட்டலாம். ஆனால் மறைமாவட்டக் கூட்டங்களுக்காக இரண்டு மூன்று வாரம் வெளியூர் சென்று திரும்பினால், முதல் சில கிலோமீட்டர் தூரம் ஒரு மெல்லிய நடுக்கம் தலைகாட்டுகின்றது. பாயிடம் ஓடினோம். அவர் நகைத்தார். நைலான் இழை டயர்கள் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் தரையில் படும் பகுதி சிறிது தட்டையாகிவிடுமாம். ஓடிச் சூடேறியதும் தானே வட்டமாகிவிடுமாம். கோவில்பிள்ளையிடம் சொல்லி வாரத்திற்கொரு முறை வண்டியை அரைச் சக்கரம் தள்ளி நிறுத்தச் செய்திருக்கிறோம். அவர் மறந்துவிட்ட வாரங்களிலும் திருக்கழுக்குன்றம் போய்ச் சேருமுன் நடுக்கம் நின்றுவிடுகின்றது.