பெயர் மலாய், பக்குவம் யாருடையது?
கொழும்பு மலாய்க் குடும்பச் சமையல் பற்றிச் சில குறிப்புகள்

இலங்கை முஸ்லிம்களின் உணவுப் பண்பாட்டைப் பற்றி எழுத வருவோர் சஹன் சோறு, புரியாணி, வட்டிலப்பம், தொதல் என்று ஒரு பட்டியலைத் தந்துவிட்டு நிறுத்திக்கொள்வதே வழக்கம். பட்டியலில் உள்ளவை எந்த வழியாக நமது அடுக்களைக்குள் வந்தன என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நமது பள்ளிகளில் நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதுவரும் மலாய்ச் சகோதரர்களின் அடுப்படிக்குப் போகாமல் அக்கேள்விக்கு விடை காண முடியாது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, கலியாணத்தின் பின் வெள்ளவத்தைக்கு வந்தவள். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மலாய்க் குடும்பம் இருந்தது. அவ்வீட்டு மூத்தம்மாவை அவர்களுடைய பிள்ளைகளைப் போலவே நாங்களும் 'நெனெ' என்றுதான் கூப்பிடுவோம். நெனெ என்றால் பாட்டி. அவரிடம் கேட்டு எழுதியவையும், என் வீட்டில் பலமுறை சமைத்துப் பார்த்தவையும், நூல்களில் படித்தவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

வந்தவர்கள் யார்?

தமிழில் 'சாவகம்' என்ற சொல் பழையது. மணிமேகலையில் சாவக நாடு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் சந்திரபானுவின் சாவகப் படை இலங்கைக்கு வந்ததையும், சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரை அதனோடு சேர்த்துப் பேசுவதையும் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் இன்றைய மலாய்ச் சமூகத்தின் வேர் பெரும்பாலும் ஒல்லாந்தர் காலத்துக்கு உரியது. பத்தாவியாவைத் (இன்றைய ஜகார்த்தா) தலைமையிடமாகக் கொண்டிருந்த ஒல்லாந்தக் கம்பனி, தன்னை எதிர்த்த அரசர்களையும் மார்க்க அறிஞர்களையும் இங்கே நாடுகடத்தியது. மக்காஸாரைச் சேர்ந்த ஷெய்க் யூஸுப் 1684இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, இங்கிருந்தபடியே நூல்கள் எழுதினார். பின்னர் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். மாத்தராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் தன் குடும்பத்தாரோடு இங்கே நாடுகடத்தப்பட்டார். இவர்களைத் தவிர ஜாவா, மதுரா, பாலி, அம்போன், மலாக்கா முதலான இடங்களிலிருந்து சிப்பாய்களும் தொழிலாளரும் வந்தனர்.

ஆங்கிலேயர் காலத்தில் மலாய்ப் படைப்பிரிவு 'சிலோன் ரைஃபிள் ரெஜிமெண்ட்' ஆக வளர்ந்து, 1873இல் கலைக்கப்பட்டது. அதன்பின் பலர் பொலீஸ், தீயணைப்பு, தோட்டத்துறை உத்தியோகங்களுக்குப் போனார்கள். பேராசிரியர் பீ. ஏ. ஹுஸைன்மியாவின் 'ஓராங் ரெஜிமென்' (1990) இவ்வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. 1869இல் கொழும்பில் 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய் இதழ் வெளிவந்தது. மலாய் மொழியின் முதல் செய்திப் பத்திரிகைகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே மலாயராகப் பதிவாகியுள்ளனர்.

நமக்கு இங்கே முக்கியமானது ஒன்று உண்டு. நாடுகடத்தப்பட்ட சிலர் குடும்பத்தோடு வந்தாலும், சிப்பாய்கள் பலர் தனியாள்களாகவே வந்தனர். இங்கே அவர்கள் கட்டிய பெண்களுள் பலர் தமிழ் பேசும் சோனகப் பெண்கள். மார்க்கம் ஒன்று, மத்ஹபும் ஷாபிஈ. கலியாணத்துக்குத் தடை இருக்கவில்லை. ஆண் தன் நாக்கின் ஞாபகத்தைக் கொண்டுவந்தான். அடுப்பு பெண்ணின் கையில் இருந்தது. இந்த ஒரு விஷயம் விளங்கினால் கொழும்பு மலாய்ச் சமையலின் பாதி விளங்கிவிடும்.

மொழியில் நடந்ததே உலையிலும்

இலங்கை மலாயை ஆராய்ந்த மொழியியலாளர் வியந்து சொல்லும் ஒரு செய்தி: அதன் சொற்கள் மலாய், அதன் இலக்கணப் போக்கோ தமிழையும் சிங்களத்தையும் ஒட்டியது. இந்தோனேசியாவில் வினைச்சொல் நடுவில் வரும். 'நான் உண்கிறேன் சோறு' என்ற வரிசை. இங்கேயோ நம்மைப் போல 'சோறு' முன்னே, 'உண்கிறேன்' கடைசியில். இந்தோனேசியாவில் 'க்கு' என்ற பொருள் தரும் சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். இங்கே அது பின்னால் ஒட்டும்: 'கண்டிநாங்' என்றால் கண்டிக்கு.

சமையலும் அப்படித்தான். பண்டத்தின் பெயர் ஜாவாவிலிருந்து வந்திருக்கும். தாளிப்பும் கூட்டும் நமது உம்மாமாரின் கையாக இருக்கும். ஜாவாவில் கெமிரி என்ற கொட்டையை அரைத்துக் குழம்பைத் தடிப்பாக்குவார்கள். இங்கே அதன் இடத்தில் கஜு. அங்கே பெலாச்சான் என்ற இறால் விழுது. இங்கே பெரும்பாலும் மாசியும் கூனி இறாலும். அங்கே கெச்சாப் மானிஸ் என்ற இனிப்புச் சோயா; இங்கே சோயா சோஸோடு கொஞ்சம் கித்துள் பாணி. மாறாமல் நின்றவை ரம்பையும் சேரையும். இவ்விரு பெயர்களே மலாய் 'ரம்பாய்', 'செராய்' என்பவற்றோடு ஒட்டியவை என்று சொல்வார்கள்.

கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடந்தது. மலாயில் கப்பல் 'காபால்', கடை 'கெடாய்', கறி 'காரி', மாங்காய் 'மாங்கா'. இவை தமிழிலிருந்து போனவை. நாம் உடுக்கும் சாரமும், தின்னும் ரம்புட்டானும், மாலையில் காலிமுகத்திடலில் கொறிக்கும் கச்சானும் அந்தப் பக்கத்துச் சொற்களை நினைவூட்டுகின்றன.

மூன்று பண்டங்கள், செய்முறையோடு

முதலாவது நாசி கோரெங். நாசி சோறு, கோரெங் பொரித்தல். இன்று கொழும்பில் எந்தச் சாப்பாட்டுக் கடைப் பட்டியலிலும் இது உண்டு. ஆனால் வீட்டில் இதன் பிறப்பு மிஞ்சிய சோற்றிலிருந்து. இராச் சோற்றைக் காலையில் வீணாக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழி அது. சுடுசோற்றில் ஈரம் அதிகம். சட்டியில் போட்டால் களியாகும். ஆறிக் குளிர்ந்த சோற்றின் மணி இறுகி உதிரியாக நிற்பதால்தான் எண்ணெயில் பிரண்டு வரும். பத்துச் செத்தல் மிளகாயை ஊறவைத்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலைந்து பல் உள்ளி, வறுத்த கூனி ஒரு மேசைக்கரண்டி சேர்த்து அரைக்க வேண்டும். இதுதான் சம்பல். எண்ணெயில் பச்சை மணம் போகும்வரை, எண்ணெய் ஓரத்தில் கக்கும்வரை வதக்கிய பிறகே சோறு. பிறகு சோயாவும் பாணியும். மேலே ஒரு முட்டைப் பொரியல். கூனி இல்லாமல் செய்வதைக் கண்டால் நெனெ, "இது கடச் சோறு, ஊட்டுச் சோறு இல்ல" என்பார்.

இரண்டாவது பாபத். மாட்டுக் குடல். இந்தோனேசியாவில் 'பாபாத்' என்ற அதே சொல். பிட்டும் பாபத்தும் கொழும்பு முஸ்லிம் வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டதால் பெயர் கடல் கடந்து வந்தது என்பதே மறந்துபோயிற்று. சுத்தம் செய்வதில்தான் முழுச் சமையலும் இருக்கிறது. கொதிநீரில் முக்கிக் கறுத்த தோலைச் சுரண்டி, உப்பும் தேசிக்காயும் போட்டு இரண்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு மஞ்சள், இஞ்சி, சேரைத் தண்டு போட்டு இரண்டு மணித்தியாலமாவது அவிக்க வேண்டும். அதன்பின் வெங்காயம், ரம்பை, கருவாப்பட்டை, மிளகாய்த்தூள், கொத்தமல்லி, பெருஞ்சீரகம் கூட்டித் தேங்காய்ப்பாலில் வற்ற விடுவது. நெனெயின் எச்சரிக்கை இது: "அவசரப்பட்டா ரப்பர் தின்னுற மாதிரித்தான் ஈக்கும், மகள்."

மூன்றாவது மலாய் அச்சாறு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட், பேரீச்சம்பழம். இவற்றை வினாகிரியில் ஒரு கொதி காட்டி எடுத்து, அதே வினாகிரியில் கடுகு, உள்ளி, இஞ்சியை அரைத்து, சீனியும் உப்பும் சேர்த்துப் பிரட்டிப் போத்தலில் அடைப்பது. இரண்டு மூன்று நாள் போனால்தான் கடுகின் கசப்பு அடங்கி உறைப்பும் இனிப்பும் சேரும். கடுகைத் தண்ணீரில் அரைக்கக் கூடாது. வினாகிரியில்தான் அரைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் அச்சாறு கெட்டுவிடும்.

இம்மூன்றுக்கும் வேண்டிய சாமான் எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலேயே கிடைக்கும். பிறநாட்டுப் போத்தல்களைத் தேடி அலையத் தேவையில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னொன்றைச் சொல்லலாம். சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களது ரெண்டாங். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு இரண்டு தேங்காயின் பால். அரைத்த கூட்டோடு மூடாமல் மெல்லிய நெருப்பில் மூன்று நாலு மணித்தியாலம் கிண்ட வேண்டும். முதலில் குழம்பாக இருப்பது 'குலாய்'. வற்றிக் கெட்டியாவது 'காலியோ'. பாலின் நீரெல்லாம் வற்றி, பிரிந்த தேங்காயெண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கறுப்பது 'ரெண்டாங்'. நீர் போய்விடுவதால் பல நாள் கெடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைப் பாதுகாத்த வழி இது. உழ்ஹிய்யா இறைச்சியை வைத்துத் தின்ன இதைவிடப் பொருத்தமான சமையல் எனக்குத் தெரியாது.

வட்டிலப்பம் யாருடையது?

இது நமது ஆட்களிடையே கோபம் வரவைக்கும் கேள்வி. மலாயர் கொண்டுவந்தது என்று இலங்கையில் பரவலாக எழுதப்படுகிறது. பெயரோ தெளிவான தமிழ்: வட்டிலில் அவிக்கும் அப்பம். காயல்பட்டினத்திலும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டிலப்பம் பெருநாள் பண்டமாக இருக்கிறது. மறுபுறம், முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் சேர்த்து ஆவியில் அவிக்கும் 'ஸ்ரீகாயா' மலாய் உலகமெங்கும் உண்டு. நமது வட்டிலப்பத்தின் தனித்துவம் கித்துள் கருப்பட்டி; அது இம்மண்ணுக்கு உரியது.

காயலுக்கும் கொழும்புக்கும் மலாக்காவுக்கும் ஒரே மரக்கலங்கள் போய்வந்த காலத்தில் ஒரு பண்டத்துக்கு ஒரே பிறந்தகத்தைத் தேடுவதில் பயனில்லை என்பது என் துணிபு. இதற்கு இலக்கியத்தில் ஒரு சான்று உண்டு. 1572இல் தமிழில் அரங்கேறிய 'ஆயிர மசலா' சொல்லும் அதே வினாவிடைக் கதை மலாயிலும் ஜாவா மொழியிலும் இருக்கிறது. பேராசிரியர் ரோனித் ரிக்சி இதனை ஒப்பிட்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். இலங்கை மலாயரின் கையெழுத்துப் பிரதிகளில் அரபுத்தமிழும் கலந்து காணப்படுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஏடு போன வழியில் பண்டமும் போயிருக்கும். வட்டிலப்பத்தை 'நமது' என்று சொல்லும்போது அந்த 'நாம்' என்பதற்குள் மலாயரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் வழக்கு தீர்ந்துவிடும்.

எழுதிவைக்க வேண்டியது

இந்தோனேசியாவில் சுகர்ணோ காலத்தில் தொடங்கி 1967இல் வெளியான 'முஸ்திகா ராஸா' என்ற அரசாங்கச் சமையல் நூல், நாடெங்குமிருந்து 1,600க்கும் மேற்பட்ட பண்டங்களின் செய்முறையைத் திரட்டியது. தீவுக்குத் தீவு மாறும் வீட்டுச் சமையல் அதனால் ஏட்டில் ஏறியது. கொழும்பு மலாய்ச் சமையலுக்கு அந்த அளவு திரட்டு இல்லை. கொம்பனித்தெருவில், வேகந்தைப் பள்ளியைச் சுற்றி நெருக்கமாக வாழ்ந்த குடும்பங்கள் நகர அபிவிருத்தியாலும் இடப்பெயர்வாலும் சிதறிவிட்டன. இளம் தலைமுறை வீட்டில் சிங்களமும் ஆங்கிலமும் பேசுகிறது. ஒரே தெருவில் பத்து அடுப்பு எரிந்தபோது ஒருவர் மறந்ததை மற்றவர் ஞாபகப்படுத்தினார். தனித்தனி மாடிவீடுகளில் அது நடப்பதில்லை.

எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. அளவு கேட்டால் "கைக்கு வந்த மாதிரி" என்பார்கள். ஆகவே கேட்டு எழுதுவதைவிட, பக்கத்தில் நின்று, அவர் அள்ளிய கைப்பிடியைத் தராசில் போட்டு எழுதுவதே சரி. பண்டத்தின் மலாய்ப் பெயரை அவர் உச்சரித்தபடியே எழுத வேண்டும். அது மொழி ஆய்வுக்கும் உதவும். எந்த நாளில் சமைப்பது, யாருக்கு முதலில் கொடுத்தனுப்புவது, எதற்குப் பதிலாக எதைப் போட்டார்கள் என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதிலாகப் போட்ட சாமானில்தான் வரலாறு ஒளிந்திருக்கிறது.

இது மலாயருடைய வேலை என்று நாம் ஒதுங்கக் கூடாது. பாட்டன் ஜாவாவிலிருந்து வந்தான் என்றால் பாட்டி பெரும்பாலும் நமது ஊர்க்காரி. அவள் கையின் பக்குவமும் அந்தச் சட்டியில்தான் இருக்கிறது.